ஓய்வுக்கால நிதியை வருடங்களில் எண்ணிப் பாருங்கள்

ஓய்வு பெற எவ்வளவு பணம் வேண்டும் என்று யாராவது கேட்டால், "ஒரு வருடத்துக்கு உங்கள் செலவு எவ்வளவு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதிலாகச் சம்பளத்தைச் சொல்வார்கள். செலவுதானே கேட்டேன் என்றால், கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மாதச் செலவைச் சொல்வார்கள். வருடச் செலவு சட்டென்று வாயில் வராது. ஆனால் ஓய்வுக்காலக் கணக்கு முழுவதும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் எந்த நாட்டுப் பணத்தையும் சொல்லப்போவதில்லை. உங்கள் ஒரு வருடச் செலவுதான் நம் அளவுகோல். சேமிப்பு எவ்வளவு என்று கேட்டால், "6 வருடம் இருக்கிறது" என்று சொல்லிப் பழகுங்கள். விலைவாசி ஏறினாலும் 6 வருடத்தின் அர்த்தம் மாறாது. பெரிய தொகையைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று ஏமாறவும் வழியில்லை.

முதல் வேலை: ஒரு வருடம் என்றால் எவ்வளவு?

ஒரு நோட்டு, இல்லாவிட்டால் கணினியில் ஒரு அட்டவணை போதும். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கார்டு பில்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தை எடுத்து 12-ஆல் பெருக்காதீர்கள். 38 வயதில் முதன்முதலாக உட்கார்ந்தபோது நான் அதைத்தான் செய்தேன். கணக்கு அழகாக வந்தது. நாலு மாதம் கழித்து வண்டி ரிப்பேர், பல் வைத்தியம், வருடக் காப்பீட்டுச் சந்தா மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. மூன்றில் ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

செலவை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். மாதாமாதம் வருவது முதல் பத்தி. வருடத்துக்கு ஒரு முறை வருவது இரண்டாவது: வரி, காப்பீடு, பயணம், பராமரிப்பு. சில வருடங்களுக்கு ஒரு முறை வருவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டி 10 வருடம் உழைக்கும் என்றால் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு இந்த வருடச் செலவு. வண்டி, வீட்டுக்கு வண்ணம் பூசுவது, மடிக்கணினி எல்லாவற்றையும் அப்படியே பகுத்து எழுதுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மாதச் செலவு 100 என்று நினைத்துக்கொண்டிருப்பவர், முதல் பத்தியில் 1200 எழுதுகிறார். வருடச் செலவுகள் 180 வருகின்றன. மூன்றாவது பத்தி 120. ஆக 1500. மாதம் 100 என்று அவர் நினைத்தது உண்மையில் 125.

அடுத்து, வேலையை விட்ட பிறகு இதில் என்னென்ன மாறும் என்று பாருங்கள். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, அலுவலகம் போய்வரும் செலவு எல்லாம் நின்றுவிடும். நம் ஆளுக்கு அதில் 300 குறைகிறது. மருத்துவமும் பொழுதுபோக்கும் கூடும். அதற்கு 100 சேர்க்கலாம். கடைசியில் 1300. இனிமேல் இந்த 1300-தான் அவருக்கு "ஒரு வருடம்". இதில் குறைக்கவே முடியாதது 900, மனசு வைத்தால் குறைக்கக்கூடியது 400 என்றும் பிரித்து வையுங்கள். இந்தப் பிரிவினை பின்னால் உதவும்.

இன்னும் எத்தனை வருடம்?

1889-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கான வயது 70. அந்த வயதைத் தொட்டவர்களே அன்று குறைவு. 1916-ல்தான் அதை 65 ஆக்கினார்கள். இன்று 60-ல் வேலையை விடுபவர் இன்னும் 30 வருடம் இருப்பது சாதாரண விஷயமாகிவிட்டது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். "எங்கள் நாட்டில் சராசரி ஆயுள் 75, அதனால் 15 வருடத்துக்குச் சேர்த்தால் போதும்" என்பார்கள். அந்தச் சராசரி, பிறந்த குழந்தைக்கான கணக்கு. சின்ன வயதில் இறந்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். 60-ஐத் தாண்டி வந்தவருக்கு மீதியுள்ள ஆயுள், அந்த 75-லிருந்து 60-ஐக் கழித்து வருவதைவிடக் கூடுதல். அப்படியே சராசரியைச் சரியாக எடுத்தாலும், சுமார் பாதிப் பேர் அதைத் தாண்டித்தான் வாழ்வார்கள். கணவன் மனைவி இருவர் என்றால், இருவரில் யார் கடைசி வரை இருக்கிறாரோ அவர் காலம் வரைக்கும் பணம் வர வேண்டும். 90 வயது வரை திட்டமிடுவது அதிகமில்லை. குடும்பத்தில் நீண்ட ஆயுள் இருந்தால் 95.

விலைவாசி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுங்கள். விலை இரட்டிப்பாக எத்தனை வருடமாகும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். 3 சதவீதம் என்றால் 24. 60 வயதில் 1300-க்கு நடந்த குடும்பத்துக்கு, 6 சதவீதத்தில் 84 வயதில் 5200 வேண்டும்.

எண்கள் இப்படி வீங்கினால் பயம்தான் வரும். வருடக் கணக்கில் எண்ணும்போது இந்தத் தலைவலி இல்லை. ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும்: முதலீட்டின் வருமானத்தைச் சொல்லும்போது பணவீக்கத்தைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். 8 சதவீதம் வட்டி, 6 சதவீதம் விலையேற்றம் என்றால் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது 2-க்கும் சற்றுக் குறைவு. அதற்கும் வரி உண்டு. வட்டி 5, விலையேற்றம் 6 என்றால் பாஸ்புக்கில் பணம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே ஏழையாகிக்கொண்டிருக்கிறீர்கள்.

எத்தனை வருடம் சேர்க்க வேண்டும்?

60-லிருந்து 90 வரை 30 வருடம். சேமிப்பு விலைவாசிக்குச் சமமாக மட்டும் வளர்ந்தால் 30 வருடச் செலவு கையில் இருக்க வேண்டும். விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் கிடைத்தால் சுமார் 23 வருடம் (துல்லியமாக 22.8) போதும்.

"வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்" என்று ஒரு விதி காதில் விழுந்திருக்கும். அதன் மூலம் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரத் தரவுகளை எடுத்து, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துப் பார்த்தார். முதல் வருடம் நிதியில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், மிக மோசமான காலத்தில் தொடங்கியவருக்கும் 30 வருடம் பணம் தாங்கியது. 100-ஐ அந்த 4-ஆல் வகுத்தால் 25 வருடம். நல்ல தொடக்கப்புள்ளிதான். ஆனால் அது ஒரே ஒரு நாட்டின், அதுவும் கடந்த நூற்றாண்டில் நன்றாக ஓடிய ஒரு சந்தையின் கணக்கு. நிதியில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ பங்குகளில் இருந்தால்தான் அது பொருந்தும். 45 வயதிலேயே வேலையை விட நினைப்பவருக்கு 30 வருடக் கணக்கு உதவாது. வங்கி வைப்பில் மட்டும் பணத்தை வைத்துக்கொண்டு 4 சதவீத விதியைப் பேசுவதிலும் பொருளில்லை.

சரி, இந்த 23 வருடத்தையும் நீங்களே சேர்க்க வேண்டுமா? அரசு ஓய்வூதியமோ வேலை செய்த இடத்துப் பென்ஷனோ வருமென்றால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் ஆளுக்கு 1300-ல் 520 பென்ஷனாக வரும், அதாவது 40 சதவீதம். மீதி 60 சதவீதத்துக்குத்தான் சேமிப்பு தேவை. 22.8 வருடத்தில் 60 சதவீதம் என்றால் 13.7 வருடம். ஒரு எச்சரிக்கை: பென்ஷன் விலைவாசியோடு ஏறுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறாத பென்ஷன், 6 சதவீத விலையேற்றத்தில் 12 வருடத்தில் பாதியாகிவிடும். அப்படிப்பட்டதை 40 சதவீதம் என்று கழிக்கக் கூடாது. 20 என்று வையுங்கள்.

மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

நம் ஆளுக்கு வயது 35. கையில் ஏற்கெனவே 3 வருடம் இருக்கிறது. விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் என்று வைத்தால், அந்த 3 வருடம் 60 வயதில் கிட்டத்தட்ட 4.9 ஆகியிருக்கும். மீதி 8.8 வருடத்தை 25 வருடத்தில் சேர்க்க வேண்டும். கணக்குப் போட்டால் மாதம் 30 ஒதுக்க வேண்டும். இப்போது மாதம் 125 செலவழிப்பவர் அவர். அதோடு 30 என்றால் சிரமம்தான், ஆனால் நடக்கிற காரியம். விலைவாசி ஏற ஏற இந்த 30-ஐயும் அதே அளவுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதை மறந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

அதே 3 வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு 45 வயதில் தொடங்கினால்? மாதம் 60. சரியாக இரண்டு மடங்கு.

அந்த 45 வயதுக்காரர் மனம் உடைய வேண்டாம். 60 வயதுக்குப் பதிலாக 63 வயது வரை வேலை செய்தால் மாதம் 42 போதும். வெறும் மூன்று வருடத்தில் எப்படி இவ்வளவு குறைகிறது? சேர்க்கும் காலம் 3 வருடம் கூடுகிறது, உட்கார்ந்து சாப்பிடும் காலம் 3 வருடம் குறைகிறது, நடுவில் இருக்கிற பணமும் 3 வருடம் தொடாமல் வளர்கிறது. தாமதமாகத் தொடங்கியவர்கள் அதிக வட்டி தேடி ஆபத்தான இடங்களுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்று வருடக் கணக்கைத்தான். பாதி நேர வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றாடச் செலவுக்கு வந்தால் போதும், நிதியில் கை வைக்காமல் இருக்கலாம்.

மாதம் 30 ஒதுக்கவே முடியவில்லை என்றால் 10-ல் தொடங்குங்கள். ஆனால் சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும், உயர்வில் பாதி தானாகச் சேமிப்புக்குப் போகும்படி இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். பொருளாதார ஆய்வாளர்களான ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-ல் இதே யோசனையைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்தில், வருங்காலச் சம்பள உயர்வில் ஒரு பங்கைச் சேமிக்க முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கைக்கு வராத பணம் போனதாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம். சம்பளம் வந்த மறுநாளே பணம் தானாகக் கழிந்து போகட்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிக் கடன்களை முதலில் அடைத்துவிடுங்கள். அந்த வட்டியைத் தாண்டி நிச்சயமாக வருமானம் தரும் முதலீடு எதுவும் கிடையாது. அப்புறம், அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவு தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வேலை போகிற நாளில் ஓய்வு நிதியில்தான் கை போகும். மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஆயுள் காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று இரண்டும் கலந்த ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் கட்டிய பிறகுதான் தாள்களை முழுதாகப் படித்தேன். பாதியில் நிறுத்தியபோது, கட்டிய பணத்திலேயே ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. குறை என்னுடையதுதான், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அல்லவா படித்திருக்க வேண்டும்!

பணத்தை எங்கே போடுவது?

25 வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்தில் கணிசமான பகுதி பங்குச் சந்தையில் இருக்கலாம். 3 வருடத்துக்குள் தேவைப்படும் பணம் அங்கே இருக்கக் கூடாது. தனித்தனிப் பங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க நேரமும் பொறுமையும் இல்லாதவர்களுக்கு, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் இன்டெக்ஸ் ஃபண்டு போதும்.

கட்டணத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். வருடம் 1 சதவீதம்தானே என்று தோன்றும். தொடக்கத்திலேயே மொத்தமாகப் போட்ட பணம் என்றால், 25 வருடத்தில் அந்த 1 சதவீதம், கடைசியில் வரவேண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். மாதாமாதம் சேர்க்கும் நம் ஆளின் 13.7 வருடத்தில் அது ஏறக்குறைய 2 வருடம்! ஒரு ஃபண்டு உங்களிடமிருந்து எத்தனை வருடச் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள், முகவரின் முகம் மாறும். நிச்சயமான அதிக லாபம் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வுக்கு 5 முதல் 10 வருடம் இருக்கும்போதே பங்குகளின் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்கத் தேவையில்லை. அதன் காரணம் அடுத்த பகுதியில்.

சேர்த்ததைச் சம்பளமாக்குவது

சேர்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. என்னைக் கேட்டால் கஷ்டமான பாதி இதுதான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் 25 வருடம் இருக்கிறது. இருவரும் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1 வருடச் செலவை எடுக்கிறார்கள். முதலாமவருக்குச் சந்தை முதல் வருடம் 20 சதவீதம் விழுகிறது, அடுத்து 10 சதவீதம் விழுகிறது, பிறகு 10, 15, 20 என்று ஏறுகிறது. இரண்டாமவருக்கு அதே ஐந்து எண்கள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. பணம் எடுக்காமல் இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே தொகைதான், 27.3 வருடம். எடுத்ததால், ஐந்து வருட முடிவில் முதலாமவரிடம் 20.8 வருடம் இருக்கிறது, இரண்டாமவரிடம் 23. இரண்டு வருடச் செலவு காற்றில் போய்விட்டது. விழுந்து கிடக்கும் சந்தையில் விற்றுச் சாப்பிட்ட பங்குகள், ஏறும்போது அவரிடம் இல்லை. அதனால்தான் ஓய்வுக்கு முன்னும் பின்னுமுள்ள சில வருடங்கள் மிக ஆபத்தானவை.

இதற்குப் பரிகாரம் பணத்தை மூன்றாகப் பிரிப்பது. முதல் பகுதிக்கு, முன்பு எழுதிய 900-ஐ எடுங்கள். குறைக்கவே முடியாத அந்தச் செலவு, சாகும்வரை நிற்காத வருமானத்திலிருந்து வர வேண்டும். பென்ஷன் 520 போக மீதி 380. இதற்கு ஆன்யுட்டி வாங்கலாம்: காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால், ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் தருவார்கள். 100 வயது வரை இருந்தாலும் தருவார்கள் என்பது அதன் பலம். பெரும்பாலும் கொடுத்த முதலைத் திரும்பக் கேட்க முடியாது, தொகையும் விலைவாசியோடு ஏறாது என்பது பலவீனம். உங்களுக்குப் பின் துணைக்கும் தொடருமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். எல்லாப் பணத்தையும் இதில் போடுவதும் தப்பு. அரசு ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டு வாங்கினால் கூடுதலாகத் தரும் நாடுகள் பல உண்டு. ஆன்யுட்டிக்கு முன் அதை விசாரியுங்கள்.

இரண்டாவது பகுதி, நிதியிலிருந்து எடுக்க வேண்டிய 2 அல்லது 3 வருடச் செலவு. இது வைப்புத்தொகை போல ஆடாத இடத்தில் இருக்கட்டும். மாதாமாதம் ஒரே தேதியில் இதிலிருந்து உங்கள் கணக்குக்குச் சம்பளம் போல வரவேண்டும். மீதியெல்லாம் மூன்றாவது பகுதி, கடன் பத்திரமும் பங்கும் கலந்து வளரட்டும். வருடத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சந்தை நன்றாக இருந்தால் மூன்றாவதிலிருந்து எடுத்து இரண்டாவதை நிரப்புங்கள். விழுந்திருந்தால் நிரப்ப வேண்டாம், காத்திருங்கள். அந்த வருடம், குறைக்கக்கூடியது என்று எழுதிய 400-லிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். செலவைப் பிரித்து எழுதச் சொன்னது இதற்குத்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, எடுப்பதற்கும் அந்த அளவு வேண்டும்.

வேலையை விடும் முன் ஒரு ஒத்திகை

தேதி குறிப்பதற்கு ஒரு வருடம் முன்பு, ஆறு மாதம் உங்கள் ஓய்வுக்கால வருமானத்தில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். நம் ஆள் என்றால், ஓய்வோடு நின்றுபோகும் தவணைகளைத் தனியாகக் கட்டிவிட்டு, 1300-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 108-ல் குடும்பம் நடத்த வேண்டும். மீதிச் சம்பளத்தைத் தொடக்கூடாது. இரண்டாவது மாதமே எந்தச் செலவைக் கணக்கில் விட்டீர்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் "ஒரு வருடம்" எவ்வளவு என்பதைத் திருத்தி, மேலே உள்ள கணக்கை மறுபடி போடுங்கள். தேதி ஒரு வருடம் தள்ளிப்போனாலும் போகட்டும்.

இதே ஆறு மாதத்தில் காகித வேலைகளையும் முடியுங்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். பழைய கணக்குகளில் காலமானவர்களின் பெயர்கூட அப்படியே கிடக்கும். உயில் எழுதுங்கள். அப்புறம் ஒரே தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: ஒரு வருடச் செலவு எவ்வளவு, கையில் எத்தனை வருடம், எந்தப் பணம் எங்கே இருக்கிறது, மாதம் எவ்வளவு எந்தத் தேதியில் வரும், எதை எந்த வரிசையில் எடுக்க வேண்டும். கடவுச்சொற்களை அதே தாளில் எழுத வேண்டாம், அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் குறித்தால் போதும். எழுதியதைத் துணையிடம் கொடுத்து, ஒரு மாதம் முழுக்கப் பண வேலையை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறினாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.